தொடாமல் வைத்த டியூப்

ஐந்து ஐம்பதுக்கு மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை அதிரும். எழுந்து உட்காருவேன். தண்ணீர் குடிக்கக் கூடாது. முதலில் எச்சில். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மூடி போட்ட சின்ன டியூப்புகள் இருக்கும். ஒன்றை எடுத்து நீலக் கோடு வரை துப்பி, மூடி, தேதி எழுதி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைப்பேன். பிறகு மாத்திரை. வெள்ளை நிறம், நடுவே ஒரு கோடு. அது வேலை செய்ய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்ப்பேன். பால் பாக்கெட்டை எடுத்து வருவேன். குழாயைத் திறந்து வாளியை நிரப்புவேன்.

ஆறே காலுக்கு, வாசல் கதவைப் பார்த்துப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவேன். எட்டு நிமிடம்.

ஹெப்சி வருவாள். பச்சைச் சுடிதார். ஈரத் தலை, அதில் ஒரு முழம் மல்லிகை. இடது கை கதவு நிலையில் இருக்கும். பின்னாலிருந்து வெயில் விழும். என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நானும் அவள் கண்ணைப் பார்ப்பேன். "ஆல்வின், சாயங்காலம் சீக்கிரம் வந்திரு. நான் காத்துக்கிட்டே இருப்பேன்" என்பாள்.

பட்டை மறுபடி அதிரும். கண்ணைத் திறப்பேன். கதவு மூடியிருக்கும். நான்கு இட்லி. குளியல். எட்டே முக்காலுக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பேருந்து.

பத்து மாதம் ஒரு நாளும் தவறவில்லை.

திருநெல்வேலிக்கு வெளியே, நாற்கரச் சாலையை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஃப்ரீசர் அறை என் பொறுப்பு. மைனஸ் எண்பது டிகிரியில் ஒன்பது பெட்டிகள். எந்த டியூப் எந்தத் தட்டில், யார் எப்போது எடுத்தார்கள், எத்தனை முறை உருகியது என்று எழுதி வைப்பேன். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். உறையவைத்த சாம்பிளை ஒருமுறை உருக்கி மறுபடி உறையவைத்தால் கொஞ்சம் கெடும். பத்து முறை உருக்கினால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. அதனால் பெரிய டியூப்பில் வந்ததை முதல் நாளே சின்னச் சின்ன டியூப்புகளாகப் பிரித்துவிடுவோம். தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உருக்கிப் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு டியூப்பைக் கடைசி வரைக்கும் தொடாமல் வைக்க வேண்டும். மற்றவை கெட்டதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் வழி. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடத்தை நான்தான் நடத்துவேன்.

ஹெப்சியும் அங்கேதான் இருந்தாள். ஆராய்ச்சியாளர். அவள் வேலை ஏற்பிகளில். ஏற்பி என்பது செல்லுக்குள் காத்திருக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் வருகிற ஹார்மோன் உள்ளே வந்து அதைத் தொட்டதும் அது போய் மரபணுவில் உட்கார்ந்து, மூடிக்கிடந்த ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கவைக்கும். இவ்வளவு எனக்கே தெரியும். ஆனால் அவள் டியூப்புகளில் ஒரு விசித்திரம் இருந்தது. செல் மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில்தான் ஏற்பியின் அளவு குறைந்துகொண்டே போகும். ஃப்ரீசரில்தான் ஏதோ கெடுகிறது என்று நினைத்து, சேர்ந்த புதிதில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவள் சிரித்துவிட்டு என்னைப் பக்கத்து ஹோட்டலுக்கு அழைத்துப் போனாள்.

"அந்தா அந்தச் சர்வரப் பாரும் வே" என்றாள். எங்கள் ஊரில் ஆண்கள் ஒருவரையொருவர் 'வே' போட்டுப் பேசுவார்கள். பெண்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் அப்பாவோடு சரிக்குச் சரி பேசியே வளர்ந்தவள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கவனிக்கவில்லை. "நம்மகிட்ட ஆர்டர் எடுத்தான். உள்ள போய்ச் சொன்னான். தோசை வந்துச்சு. இப்ப அவன் என்ன செய்யணும்?"

அடுத்த மேசைக்குப் போகணும் என்றேன்.

"போகாம இங்கனயே நின்னா, தோசை தோசைன்னு கத்திக்கிட்டே இருப்பான். செல்லு அதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. ஆர்டர் சொன்ன சர்வர அரைச்சே போட்டிரும். அதுலயும் கூத்தப் பாரும், தோசைக்கு எழுதுன அதே சீட்டுல 'என்னைய அரைச்சிருங்க'ன்னும் அவனே எழுதிக் குடுத்திருவான். அப்புறம் புதுசா ஒருத்தன் வந்து 'இன்னும் வேணுமா'ன்னு கேப்பான். அந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு அரைப்பும்."

"அரைக்கலன்னா?"

"தோசை வந்துகிட்டே இருக்கும். சாப்பிட வந்த ஆளு எப்பவோ எந்திரிச்சுப் போயிருப்பாரு."

அடுத்த ஆண்டு திருமணம். பாளையங்கோட்டையில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. கல்யாணத்துக்குப் பிறகும் 'வே'தான். என் அம்மா ஒருமுறை கண்டித்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு, "சரி அத்தை. வே, அந்தத் தண்ணி பாட்டில எடும்" என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டார்.

மூன்று ஆண்டு நான்கு மாதம். ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்றரைக்கு ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. அடுத்த அறையில் நான் வெப்பநிலை குறித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குப் பத்து மணி வேலை. அவள் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஆகவே அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது வீட்டு வாசலில், எட்டு மணிக்கு.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் எல்லாரையும் போகச் சொன்னேன். ஃப்ரிட்ஜில் அவள் வைத்த மோர்க்குழம்பு பாதிச் சட்டி இருந்தது. சட்டியோடு அடுப்பில் வைத்தேன். திரிந்துவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டேன்.

அழவில்லை. யாரிடமும் அவளைப் பற்றிப் பேசவும் இல்லை. வந்தவர்கள் பேசிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை பேருந்தில் அவள் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. போனில் அவள் குரல் பதிவுகள் இருந்தன. எல்லாம் ஆய்வுக்கூடத்து விவரங்கள், எண்கள். அவை வேண்டாம். எனக்கு வாசலில் பேசிய குரல் வேண்டும். நாளுக்கு நாள் அது தேய்ந்துகொண்டிருந்தது. முகத்தில் மூக்கு மட்டும் தெரிந்தது.

அந்த வாரம்தான் டாக்டர் உலகம்மாள் தன்னார்வலர்களைத் தேடினார். ஹெப்சியின் மேலாளர் அவர். ஹெப்சி வேலை செய்த மூலக்கூறிலிருந்து வந்த மாத்திரை. மறதி நோய்க்காக உருவாக்கியது. காலையில் விழித்ததும் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்; எச்சிலில் அதை அளக்கலாம். நினைவுகளை எழுதும் செல்களில் அதற்கென்று ஓர் ஏற்பி உண்டு. மாத்திரை அந்த ஏற்பியை அரைபடாமல் காப்பாற்றும். அந்த நேரத்தில் எதை நினைக்கிறோமோ அது மங்காமல் இருக்கும் என்பது கணக்கு. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் நல்ல உடம்புக்காரர்களிடம் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு நாளை, ஒரே ஒரு நிமிடத்தை விடாமல் பற்றிக்கொண்டிருப்பவர்கள் தேவை. துக்கத்தில் இருப்பவர்களை விட்டால் யார் கிடைப்பார்கள்.

நான் பெயர் கொடுத்தேன். அவருக்குச் சம்மதமில்லை. ஆய்வுக்கூடத்து ஆள், அதிலும் ஹெப்சியின் வீட்டுக்காரன். விதிகளில் தடை இல்லை என்று காட்டினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

முதல் மாத்திரைக்கு முந்தின நாள் என்னை ஓர் அறையில் தனியாக உட்காரவைத்து ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தார். நினைவில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லச் சொன்னார். அழகாகச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு வந்தேன். கருவியை ஓர் உறையில் போட்டு ஒட்டி, என் எண்ணை எழுதி இரும்பு அலமாரியில் பூட்டினார். அவரும் கேட்கவில்லை.

மாத்திரை போட்ட ஒன்பதாம் நாள் குரல் வந்தது. இருபதாம் நாள் முகம். ஒரு மாதத்தில் அவள் கழுத்தில் வழிந்த தண்ணீர்த் துளி வரைக்கும் தெரிந்தது. அதன் பிறகு நாளின் மீதி இருபத்துமூன்று சொச்ச மணி நேரம் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. அவை அடுத்த ஆறே காலுக்குப் போகிற வழி. அவ்வளவுதான். நண்பர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வீட்டில் பல்பு ஒன்று எரியாமல் போனது. மாற்றவில்லை.

இரண்டாவது சனிக்கிழமைகளில் நாங்கள் முப்பத்தொரு பேரும் பரிசோதனைக்கு வருவோம். என் வரிசையில் சுடலைக்கண்ணு என்ற ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நாங்குநேரிக்காரர். மனைவி இறந்து இரண்டு ஆண்டு. கூட வருவது மகள் முப்பிடாதி, பள்ளிக்கூட டீச்சர். கண்டக்டர் யாரையும் சும்மா இருக்க விடமாட்டார்.

"எங்க வீட்டுக்காரி முப்பத்தாறு வருசத்துல என்னைய ஒரு வார்த்த ஏசினதில்ல தம்பி" என்றார் ஒருநாள்.

முப்பிடாதி திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எப்பா, அம்மா ஏசுத ஏச்சுக்கு நம்ம தெருவுல நாய் படுக்காது. வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு டெப்போ வரைக்கும் வந்தாளே, மறந்துட்டியளா?" என்றாள்.

"அது ஒங்க சித்தி."

"எனக்குச் சித்தியே கெடையாது."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று பிறகுதான் உறைத்தது. கண்டக்டர் கோபப்படவில்லை. உனக்கு அவளைத் தெரியாது என்பதுபோல மகளைப் பார்த்தார். அவரை உள்ளே கூப்பிட்டதும் முப்பிடாதி சிவப்புப் பேனாவை மூடினாள்.

"ஆரம்பத்துல இப்படி இல்ல சார். மொத மாசம் வெளக்குமாறு உண்டு. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இப்ப அவரு சொல்லுத பொம்பளைய எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். "எங்கம்மா ரெண்டாந்தடவ சாவுதா."

வயதானவர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நான் ஃப்ரீசர் அறைக்காரன்.

ஹெப்சியின் தங்கை பிரிசில்லா நாகர்கோவிலில் நர்ஸ். ஞாயிறு விடுப்பு கிடைத்தால் ஆலயம் முடிந்து சோற்றுப் பாத்திரத்தோடு வருவாள். அவளும் நானும் அதிகம் பேசுவதில்லை. அவள் பாத்திரம் கழுவுவாள், நான் துடைத்து அடுக்குவேன். முதல் முறை வந்தபோது, அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். அது மாத்திரை தொடங்கி இரண்டாவது மாதம். சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் குழாயடியில் நின்றாள்.

பத்தாவது மாதம் மறுபடி கேட்டாள். அன்று அவள் அம்மாவின் பிறந்தநாள். அம்மாவுக்குப் போனில் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னபடியே சொல்லுங்கள் என்றாள். கண்ணை மூடிச் சொன்னேன். பச்சைச் சுடிதார், ஈரத் தலை, மல்லிகை, கதவு நிலை, காத்துக்கிட்டே இருப்பேன்.

பிரிசில்லா தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தான், போன தடவ வேறல்லா சொன்னிய. 'சாயங்காலம் பேசலாம்'னு மட்டுந்தான் சொன்னிய."

சுருக்கமாகச் சொல்லியிருப்பேன் என்றேன்.

"மல்லிகைப் பூவா?"

"ஆமா."

"அக்காவுக்கு மல்லின்னா தும்மல் நிக்காது அத்தான். ஒங்க கல்யாணத்துல காகிதப் பூவுல்லா வச்சிருந்தா. பாதிரியார் சிரிச்சாரே." அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நோயாளியிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினாள். "அப்புறம், 'ஆல்வின்'னா சொன்னா? அவ ஒங்களப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லியே."

துணியால் அதே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் போட்டோ கூடத்துச் சுவரில் இருந்தது. மூன்று எட்டு வைத்தால் போதும். போய்ப் பார்த்தேன். வெள்ளைக் காகிதப் பூக்கள்.

மறுநாள் காலை மாத்திரை போட்டு உட்கார்ந்தேன். மல்லிகை இல்லாமல் அவளைப் பார்க்க முயன்றேன். பூ இன்னும் வெள்ளையாக, இன்னும் நிறைய இருந்தது. வாசனை வேறு வந்தது. அவள் என் பெயரைச் சொன்னாள். 'வே' என்று அவள் வாயிலிருந்து கேட்கப் பார்த்தேன். அந்த வாய் அதைச் சொல்லவில்லை.

டாக்டர் உலகம்மாளிடம் போனேன். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. யார் வந்தாலும் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுகிறவர். நான் சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதவச் சாத்து" என்றார். "ஆல்வின், இந்த மாத்திரை நெனப்பப் பூட்டி வைக்கும்னு நம்புனோம். பூட்டல. தெறந்தே வச்சிருக்கு. ஏற்பி எந்திரிச்சாத்தான் பக்கம் மூடும். எந்திரிக்க விடாம நாம புடிச்சு வச்சிருக்கோம். தெறந்து கெடக்குத நோட்டுல அன்னன்னைக்கு மனசுல எது இருக்கோ அதுவும் சேந்து ஏறும். ஒனக்கு ஏக்கம் இருக்கு. அது ஏறுது."

"எல்லாருக்குமா?"

"முப்பத்தோரு பேருல இருபத்தொம்பது பேருக்கு அப்படித் தெரியுது."

"மத்த ரெண்டு பேரு?"

"மாத்திரைய ஒழுங்காப் போடல."

ஹெப்சிக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் ஹெப்சி எழுந்து, ஏற்பியை அரைக்காமல் விட்டால் செல் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும், கிடைத்ததையெல்லாம் பதில் என்று எழுதும் என்றாளாம். எலிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"எலி மனுசன மாதிரி ஏங்காதுன்னு சொன்னேன். 'கேட்டுப் பாத்தியளா மேடம்'னா." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, மனுசங்களுக்குக் குடுக்கும்போது ஒண்ணாவது தொடாம வையுங்கன்னா. மாத்திரை தொடுதுக்கு முந்தி ஒரு பதிவு. அந்த உறை அவ யோசனைதான்."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு புது ஆளுக்கும் நான் நடத்தும் பாடம் அது. நானே தினமும் காலை ஆறே காலுக்குப் பெரிய டியூப்பை வெளியே எடுத்து, கையால் பிடித்து, உருக்கி, திரும்ப வைத்திருக்கிறேன். முந்நூறு முறை.

அவர் மறைக்காமல் சொன்னார். இரண்டாம் கட்டத்துக்குப் பணம் போடுபவர்கள் தயார். மறதி நோயாளிகளின் குடும்பங்களிலிருந்து கட்டுக் கட்டாகக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு பெண் எழுதியிருந்தாளாம், என் அப்பா என்னைத் தப்பாக ஞாபகம் வைத்திருந்தால்கூடப் போதும் என்று. ஆனால் நெறிமுறைக் குழுவுக்கு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். சந்தேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. உறையைப் பிரித்து, அன்று சொன்னதையும் இன்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பிரிக்கக் கூடாது. இதுவரை கேட்ட ஆறு பேரும் மறுத்துவிட்டார்கள்.

"கண்டக்டர்?"

"'எனக்கு இவளே போதும் டாக்டர், அவள என்னத்துக்கு எழுப்புதிய'ன்னுட்டாரு."

எனக்கு இரண்டு வழி. இரண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடம் மாத்திரை. தினமும் எட்டு நிமிடம் ஹெப்சி, பூவோடு. இல்லையென்றால் நிறுத்தலாம். பிடித்து வைத்திருந்த ஏற்பிகளெல்லாம் அரைபட்டு முடிய ஆறு வாரம் ஆகும். அதுவரை பதிவைக் கேட்கக் கூடாது. பக்கம் திறந்திருக்கும்போது கேட்டால் அந்தக் குரலிலும் பூ ஏறிவிடும். ஆறு வாரத்துக்குப் பிறகு ஒருமுறை கேட்கலாம்.

"பதிவுல என்ன இருக்குன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். அன்று அந்த அறையில் கருவியைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் என்பது சுத்தமாக இல்லை. இப்போதைய ஹெப்சியைச் சொன்னதாகத்தான் ஞாபகம். அதற்கு வாய்ப்பே இல்லை.

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்தேன். இழுப்பறையில் மாத்திரை இருந்தது. மறுநாள் போடவில்லை. அதற்கு மறுநாளும்.

ஐந்தாம் நாள் மல்லிகை வாசனை போனது. பிறகு பூ. அதில் எனக்கு நிம்மதிதான். இரண்டாம் வாரம் கழுத்துத் துளி போனது. மூன்றாம் வாரம் வெயில். நான்காம் வாரம் அவள் கண்கள் என்னை விட்டு விலகின. எங்கேயோ பார்த்தாள், பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. ஐந்தாம் வாரம் குரல். சுடிதாரின் பச்சை மட்டும் கொஞ்ச நாள் நின்றது. பிறகு நாற்காலி, கதவு. நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்தேன். கதவில் ஒரு கொக்கி, மேலே ஒரு பல்லி.

அந்த ஐந்தாம் வாரத்தில்தான் அழுதேன். பேருந்தில். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஒரு மாத்திரை போதும், நாளைக் காலையே அவள் வாசலில் நிற்பாள் என்று தெரியும். அவள் ஹெப்சி இல்லை என்றும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டே மூன்று நாள் இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினேன். அவள் ஹெப்சியாக இல்லாவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

நான்காம் நாள் மீதி மாத்திரைகளை டாக்டர் உலகம்மாளிடம் கொடுத்து, உறையைப் பிரிக்கச் சம்மதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எண்ணி வாங்கிக்கொண்டார். ஒன்று குறைகிறது என்றார். தொலைந்துவிட்டது என்றேன். அது என் சட்டைப் பையில் இருந்தது.

ஆறு வாரம் முடிந்த சனிக்கிழமை காலை. பிரிசில்லாவை வரச் சொல்லியிருந்தேன். எதற்கு நானும் என்று கேட்டாள். ரெண்டு டியூப்பா இருக்கும் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. நான் மறந்தாலோ மாற்றிச் சொன்னாலோ நீ சொல்ல வேண்டும் என்றதும் புரிந்தது.

டாக்டர் உறையைப் பிரித்து, கருவியை மேசையில் வைத்தார். நாங்கள் கேட்கும்போதே தானும் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே முறைதான், பிறகு குழுவுக்குப் போய்விடும் என்றார்.

சட்டைப் பைக்குள் விரலை விட்டேன். கோடு தட்டுப்பட்டது. இதை இப்போது விழுங்கிவிட்டு, இருபது நிமிடம் காத்திருந்து, பிறகு கேட்டால்? உண்மையான சொல்லே ஆழமாகப் பதியும். ஒரு மாதத்துக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும். அப்புறம் அதன் தலையிலும் பூ வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். மாத்திரையை எடுத்து மேசையில், கருவிக்குப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் பார்த்தார். தாளில் எண்ணிக்கையைத் திருத்தினார்.

பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

முதலில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு என் குரல். தட்டையான, தூக்கம் இல்லாத குரல். அதை நான் மறந்திருந்தேன்.

"ஆல்வின் ஜெபராஜ். எண் பதினேழு. ஜூன் பன்னிரண்டு காலைல எட்டு மணி. நான் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தேன். இல்ல. போன் பாத்துக்கிட்டிருந்தேன். ஷூ அதுக்கு முந்தி. அவ எனக்குப் பின்னால நின்னா. சாவி எடுத்த சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல." நீண்ட இடைவெளி. "என்ன உடுத்தியிருந்தான்னு ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன். பச்ச. வீட்டுல நான் பாக்கல. முகம் பாக்கல. அவ சொன்னதுக்கு 'ம்'னு சொன்னேன். அவ்வளவுதான்."

பிரிசில்லா என் கையைப் பிடித்தாள். பதிவில் மூச்சு மட்டும் ஓடியது. டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தார். நான் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேனோ, அவள் சொன்னதைச் சொல்லவே இல்லையோ என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அவ சொன்னது. சொல்லுதேன். 'மோர்க்குழம்பு இருக்கு வே. வேணுங்கிறத மட்டும் கரண்டியில எடுத்துச் சூடு பண்ணும். சட்டியோட திரும்பத் திரும்பச் சூடு பண்ணாதேயும். திரிஞ்சிரும்.'"